ராணியின் மீனும் என் பொங்கலும்

போன சனிக்கிழமை காலை. அமீரகத்தில் ராஸ் அல் கைமாவைத் தாண்டி, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே கடல் நீர் உள்ளே வந்து நிற்கிற ஓர் உப்பங்கழி. கரையில் வரிசையாகச் சின்னச் சின்னப் படகுகள். எங்கள் மீன்பிடி கிளப்பின் குளிர்காலப் போட்டி. செயலாளர் ஸ்டூவர்ட் தன் தொப்பிக்குள் கையை விட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு படகுக்கு இரண்டு பெயர். என் பெயரைப் படித்தார். அடுத்த சீட்டைப் பிரித்தவர் சிரித்துவிட்டார்.

சகாயராணி. என் மனைவி.

வேண்டுமானால் மறுபடி குலுக்குகிறேன் என்றார் ஸ்டூவர்ட். நான் தலையாட்டுவதற்குள் ராணி தேவையில்லை என்று சொல்லிவிட்டு லைஃப் ஜாக்கெட்டை மாட்டத் தொடங்கிவிட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படகில் போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு இந்தப் போட்டியின் விதிகள் தெரியாது. எங்கள் வீட்டு லீவு கதையும் தெரியாது.

முதலில் விதிகள். ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்துக்காரர். அங்கே ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் சீசனுக்குச் சீசன் ட்ரவுட் மீனுக்குப் போட்டி வைப்பார்களாம். புழு கிடையாது, இரை கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் ஜிகினாவும் கட்டி, பூச்சி மாதிரி, மீன்குஞ்சு மாதிரி ஒரு பொய் இரை... அதற்கு ஃப்ளை என்று பெயர். அதைச் சாட்டை வீசுவது போல வீசி, மீனை ஏமாற்ற வேண்டும். இந்த ஊர்ச் சூட்டில் ட்ரவுட்டுக்கு எங்கே போவது? மனிதர் மீனை மட்டும் மாற்றிவிட்டு, தன் ஊர் விதிகளை இங்கே அப்படியே இறக்கிவிட்டார்.

அந்த விதிகளில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே படகில் இருக்கும் இருவரும் எதிராளிகள். என் தூண்டிலில் மீன் மாட்டினால், கைவலையைப் போட்டு அதைத் தூக்க வேண்டியது என் எதிராளி. அளப்பதும் அவர்தான். அளந்ததும் மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது உயிரோடு, தானாக நீந்திப் போனால்தான் கணக்கு. கரைக்கு வந்த பிறகு என் மீனின் நீளத்தை நான் சொல்லக் கூடாது. அதையும் எதிராளிதான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு வில்லங்கமான ஏற்பாடு பாருங்கள்!

இனி லீவு கதை. ராணி குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரி. ஷார்ஜாவில் நர்ஸ். நான் சங்கரன்கோவில் பக்கம். அங்கேயே ரோலா பக்கம் ஒரு பழைய கட்டிடத்தில் குடியிருக்கிறோம். ஜூலையில் அவள் தம்பி கல்யாணத்துக்குப் போய் வந்ததில் லீவு பாதி கரைந்துவிட்டது. மிச்சமிருப்பது இரண்டே வாரம். கிறிஸ்துமஸுக்குப் போனால் பொங்கல் கிடையாது. பொங்கலுக்குப் போனால் கிறிஸ்துமஸ் கிடையாது.

ஜூலையில் உங்கள் ஊர், ஜனவரியில் என் ஊர், நியாயம்தானே என்றேன் நான். தம்பி கல்யாணமும் கிறிஸ்துமஸும் ஒன்றா என்றாள் அவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு டூட்டி. இந்த வருஷம்தான் முதல்முறையாக, டிசம்பரா ஜனவரியா என்று அவளையே கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் பக்கமும் லேசானதில்லை. எங்கள் வீட்டு மாடியில் அம்மா புதிதாக ஒரு ரூம் கட்டியிருக்கிறாள். ஏசி, அட்டாச்டு பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வைத்து. எல்லாம் மருமகளுக்காக. மருமகள் வந்து பயன்படுத்துகிற வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது என்று பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்குத் திறப்பு விழா என்று தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

வாரக்கணக்கில் சண்டை. கடைசியில் ராணிதான் வழி சொன்னாள். "போட்டி வருதுல்லா? ஆருக்க மீனு பெருசோ, அவங்க ஊருக்குப் போவோம்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் மாட்டேன்? கிளப்பில் நான் சீனியர். அவள் போன சீசன் கடைசியில் சேர்ந்தவள். அதுவும் அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வலைதான். தூண்டில் பிடிப்பதை அவர்கள் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. என் ஃப்ளை துபாயில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. அவள் ஃப்ளை? எங்கள் பால்கனியில் தொங்கிய போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் ஸ்டாரிலிருந்து வெள்ளி ஜிகினாவை உருவி, ராத்திரி டூட்டி முடிந்து வந்து அவளே கட்டியது. பார்த்துச் சிரித்தேன்.

ஸ்டூவர்ட் 'யல்லா' என்று கத்தி ஹாரனை அடித்தார். கிளம்பினோம்.

முதல் மீன் எனக்கு. சீலா! என் முழங்கை நீளம் இருக்கும். ராணி வலையைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்து, மீன் மேலே வந்ததும் சத்தமே இல்லாமல் தூக்கினாள். அளந்து, சரியான நீளத்தைச் சொல்லி, தண்ணீரில் விட்டாள். அது விர்ரென்று போய்விட்டது. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. என் மனசு அப்போதே பொங்கல் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதன் பிறகு அவளுக்கு எதுவுமே சரிப்படவில்லை. ஒரு வீச்சு மரக்கிளையில் மாட்டியது. இன்னொரு வீச்சு என் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. மற்றதெல்லாம் வெறும் தண்ணீர். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பாத்ரூம் என்ன ஆவது?

முடியப் போகிற நேரம். படகுகள் ஒவ்வொன்றாகக் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. ராணி கடைசியாக ஒரு தடவை வீசினாள். ஜிகினா வெயிலில் பளிச்சென்று மின்னி நீருக்குள் இறங்கியது.

அடுத்த நொடி, கம்பு வில்லாக வளைந்தது! ரீல் கிறீச்சென்று அலறியது. கயிறு ஓடுகிறது... ஓடுகிறது... நிற்கவே இல்லை.

"பாறை மீனு" என்றாள் ராணி. பார்க்காமலேயே. இழுக்கிற இழுப்பில் தெரிந்துவிட்டதாம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். மீனுக்குக் காயம் படக் கூடாதென்று, அது கழலாமல் தடுக்கிற எதிர்முள்ளை எங்கள் கொக்கிகளில் அராவி எடுத்திருப்போம். கயிறு கொஞ்சம் தளர்ந்தால் போதும், மீன் கழன்றுவிடும். பொங்கல் எனக்கு. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, தொண்டை கிழிய, விடு விடு, இழு இழு, கம்பைத் தூக்கு என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மீன் ஒரு வழியாகப் பக்கத்தில் வந்தது. என்ன உடம்பு! வெள்ளித் தாம்பாளம் ஒன்று பக்கவாட்டில் புரள்வது போல இருந்தது. அவசரத்தில் வலையைப் போட்டேன். தவறிவிட்டது. மீன் மறுபடி பாய்ந்தது.

ராணி என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று விடவில்லை.

மீன் படகுக்கு அடியில் போகப் பார்த்தது. கயிறு அடிப்பலகையில் உரசினால் அறுந்துவிடும். யோசிக்கவே இல்லை. ஷூவோடு, பாக்கெட்டில் போனோடு, தண்ணீரில் குதித்துவிட்டேன். மார்பளவு ஆழம். வலையை விரித்து அதன் முன்னால் போய் நின்றேன். பாறை நேராக உள்ளே வந்து விழுந்தது. அந்தக் கனம் கையில் இறங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? என் சீலா மாட்டியபோதுகூட அப்படி வரவில்லை.

அளந்தேன். என் மீனைவிட ஒரு சாண் அதிகம்.

ஆனால், தண்ணீரில் விட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. போராடிப் போராடிக் களைத்துவிட்டிருந்தது. நீந்திப் போகாவிட்டால் கணக்கில்லை. ராணியும் இறங்கிவிட்டாள். மீனை இரண்டு கையாலும் தாங்கி, நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்தாள். வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகட்டும் என்று. ஆஸ்பத்திரியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தூரத்தில் ஹாரன் அடித்தது. போட்டி முடிந்தது. கையில் இருக்கிற மீனுக்கு மட்டும் அவகாசம் உண்டு.

மீன் அசையவில்லை.

ராணி தலை நிமிராமல் சொன்னாள். "செத்துப்போச்சுன்னு சொல்லணும்னா சொல்லிடுங்க. நீங்க சொல்லுறதுதான் கணக்கு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

மீனின் வயிற்றுக்கு அடியில் என் கையும் இருந்தது. அம்மா, சாவி, திறப்பு விழா எல்லாம் ஒரு தரம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அதே சமயம் உள்ளங்கைக்குக் கொஞ்சம் மேலே, செவுள் ஒரு முறை மெல்லத் திறந்து மூடியதும் தெரிந்தது.

"மூச்சு இருக்கு ராணி" என்றேன். "விட்டுடாத, பிடி."

இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். போடா, போய்த் தொலைடா ராசா என்று நான் அந்த மீனிடம் கெஞ்சினேன். அதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று வாலால் ஒரே அடி! என் முகம் முழுக்க உப்புத் தண்ணீர். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் மீனைக் காணோம்.

கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். கத்தினோம். அலையாத்திக் காட்டுக் கொக்குகளெல்லாம் எழும்பிப் பறந்தன. நான் தோற்றுவிட்டேன் என்பது எனக்கு ஞாபகம் வந்ததே படகில் ஏறி ஷூவைக் கவிழ்த்தபோதுதான்.

கரையில் எல்லோர் முன்னாலும் அவள் மீனின் நீளத்தை நான்தான் சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாக. கோப்பை வேறு யாருக்கோ போனது. எங்களுக்கு அதைப் பற்றி என்ன?

எதிராளி கையில் வலையைக் கொடுக்கிற அந்த விதி ஏன் என்று எனக்கு இப்போது புரிகிறது. வலை கையில் வந்துவிட்டால், யாருடைய மீன் என்பது மறந்துவிடுகிறது. லீவுக்குச் சண்டை போடுகிற எல்லா வீட்டிலும் ஒரு கைவலை வாங்கி வைக்கலாம்.

என் போன் தண்ணீரில் போய்விட்டதால், ராணியின் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். பந்தயத்தையும் சொன்னேன், பாறையை வலையில் தூக்கியதையும் சொன்னேன், வலை யார் கையில் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, சரி, சாவி என்கிட்டயே இருக்கட்டும், சித்திரையிலாவது வாங்க என்றாள். போனை வைக்கப் போனவள், மறுபடி கூப்பிட்டாள்.

"ஏய்யா, அம்புட்டுப் பெரிய மீன அவ ஒத்தையிலயா தூக்குனா? கூட நின்னு வல புடிச்ச கூறுகெட்டவன் எவன்?"

ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர்மா என்று சொல்லிவிட்டேன். ஸ்டூவர்ட் மன்னிக்கட்டும்... எங்கள் தெருவில் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களே, நீங்களும் அம்மாவிடம் வாயைத் திறந்துவிடாதீர்கள்.