கம்பத்தில் கட்டிய படகு

1974இல் புதுப்பட்டினம் கடலின் ஆழத்தை அளக்க வந்த சர்வேக்காரர்கள் முதலில் வேலைக்கு எடுத்தது தாண்டவராயனைத்தான். படகின் முனையில் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவான். குண்டு தரையைத் தட்டியதும், கயிற்றில் தைத்திருந்த துணி அடையாளத்தைப் பார்த்து ஆழத்தைக் கத்திச் சொல்வான். அதிகாரி ராஜாராம் எழுதிக்கொள்வார். குப்பத்தில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம் அது.

பிறகு ராஜாராம் முகத்துவாரத்துக்கு உள்ளே, அலை அடிக்காத இடத்தில், கோடும் எண்ணும் போட்ட கம்பம் ஒன்றை நட்டார். கடல் ஏறி வற்றுகிறது. எந்த நேரத்தில் நீர் எந்தக் கோட்டில் நின்றது என்று தெரிந்தால்தான் கயிறு சொல்லும் ஆழத்தைச் சரிசெய்ய முடியும். அதைப் பார்த்து எழுத, எண் தெரிந்த ஆள் வேண்டும். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். ஐந்தாவது படித்த வச்சலா கரையில் இருந்தாள். தாண்டவராயனின் மனைவி.

"குந்திகினு ஒரு குச்சியப் பாக்கற வேல, போயேன்" என்று சிரித்துக்கொண்டே அவன்தான் அனுப்பினான்.

மணி பார்த்து எழுத ராஜாராம் அவளுக்கு ஆபீஸ் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார். அத்தோடு சிரிப்பு நின்றது. கூடைக்காரிகள் அவளிடம் மணி கேட்டார்கள். ராஜாராம் படகிலிருந்து இறங்கியதும் நேரே அவளிடம் போய், "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்பார். அவளுடைய எண்ணைக் கேட்ட பிறகுதான் இவன் அளந்ததைப் பார்ப்பார். குழம்பு ஊற்றும்போது அந்தக் கடிகாரம் சட்டியில் இடிக்கும் சத்தம்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் காலையில் குடிதண்ணீர் எடுக்கப் படகு கரைக்கு வந்தது. வச்சலா கஞ்சி குடிக்கப் போயிருந்தாள். மற்றவர்கள் குடத்தோடு நடந்தார்கள். பக்கத்திலேயே படகு கட்டும் முளை இருந்தும் தாண்டவராயன் படகைக் கம்பத்தில் கட்டினான். வற்றுகிற நீர் படகை இழுக்க, கம்பம் லேசாகச் சாய்ந்து சேற்றில் இறங்கியது. தண்ணீர்க் குடங்கள் ஏறியதும் படகை அவிழ்த்துக்கொண்டு போய், பொழுது சாயும்வரை குண்டை இறக்கினான்.

படகு கரை சேர்ந்ததும் வச்சலா ஓடிவந்தாள்.

"சார், தண்ணி வத்துன நேரத்துல நம்பரு ஏறிச்சி. கம்பம் எறங்கிப் போச்சி சார்."

ராஜாராம் போய் ஆட்டிப் பார்த்தார். "அப்ப இன்னிக்கு அளந்ததெல்லாம் வேஸ்ட். மறுபடி அளக்கணும். யாரும்மா இதுல படகு கட்டினது?"

கம்பத்தில் கயிறு உரசிய தடம் தெரிந்தது. வச்சலா புருஷனைப் பார்த்தாள்.

"தெர்ல சார்."

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏன்யா கட்ன?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "அந்தாளு ஒன்ன அம்மான்றான். என்ன யோவ்ன்றான்."

"அத்த அவராண்ட கேளு. கம்பம் இன்னா பண்ணுச்சி?"

மறுநாள் கம்பத்தைச் சரிசெய்து படகு கிளம்பியபோது, "தாண்டவராயன், ஆரம்பிக்கலாமா?" என்றார் ராஜாராம். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியும். அதுவும் எரிந்தது. தோள் கடுக்க, அளந்த கடலையே திரும்ப அளந்தான்.

வேலை மகாபலிபுரம் பக்கம் மாறியபோது இருவரையும் கூப்பிட்டார்கள். அவன் வர மறுத்தான். அவள் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். பிறகு ஒரு காலை அவளுக்கு முன்பே பஸ் நிற்குமிடத்தில் வந்து நின்றான்.

"குண்டு போட எவனக் கூட்டாந்துகீறாங்க?"

"எவனோ. படகு ஏறுனா வாந்திதான்."

தாண்டவராயன் பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த ஆள் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.