வெள்ளைச் சேலையும் முதுகுப் புண்ணும்

ஆண்டவரை நம்பி நடக்கிற என் சொந்தங்களே, சாப்பிடுகிற நேரத்தில் இதை வாசிக்க வேண்டாம். நாற்றத்தைப் பற்றி எழுதப் போகிறேன்.

நான் அருமனைக்காரன். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். போன வருஷம் மழைக்காலத்தில் என் மனைவி நேசபாய்க்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப் போனது. வாயில் வருவது இரண்டொரு சத்தம்தான். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. ஒரே மகன் மஸ்கட்டில். வைத்த ஹோம் நர்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். நானே தூக்கினேன், புரட்டினேன், கழுவினேன். அதில் எனக்குக் குடல் இறங்கிவிட்டது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புரட்டிப் போட ஆளில்லாமல் நேசத்தின் முதுகில், இடுப்புக்கு மேலே, படுக்கைப் புண் வந்தது. முதலில் சிவப்பு. பிறகு கறுப்பு. பிறகு குழி. சீழ் வாடை வீடு முழுக்க நின்றது. சோற்றைப் பிசைந்தால் என் கையிலேயே அந்த வாடை. உண்மையைச் சொல்கிறேன், என் மனைவியைப் பார்த்தே எனக்குக் குமட்டியது. அவளுக்கும் அது தெரியும். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்படியே விட்டால் புண்ணே ஆளைக் கொண்டுபோய்விடும், நர்ஸ் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில் சேருங்கள் என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்களைச் சொல்லாமல் விட மனதில்லை. ரொட்டியும் ஆப்பிளும் கொண்டு வந்தார்கள். அறை வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீளநீளமாக ஜெபித்தார்கள். ஒருத்தர்கூட உள்ளே வந்து ஒரு பக்கம் பிடித்துப் புரட்டவில்லை. இல்லத்தில் சேர்க்கப் போகிறேன் என்றதும் அதே வாய்கள், கட்டினவளைக் கொண்டு தள்ளுகிறான் என்று பேசின. தூ!

இல்லங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? திருவட்டாறு பக்கம் ஒன்றில் போனிலேயே, “நடப்பாவளா? தன்னால கக்கூஸ் போவாவளா?” என்று கேட்டார்கள். நடக்கிறவளை நான் ஏனய்யா உன்னிடம் கொண்டு வருகிறேன்? இன்னொன்றில், சாப்பாட்டுத் தட்டும் மூத்திர வாளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு பெரியவரின் வாயில் ஈ மொய்த்தது. அதைக் கடந்து போய், அங்குள்ள மேலாளர் எனக்கு மீன் தொட்டியைக் காட்டினார். வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

கடைசியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஆளை நேரில் கொண்டு வாருங்கள், பார்த்துத்தான் சேர்ப்போம் என்றார்கள். நேசத்தின் தம்பி சாம்ராஜ் கூட வந்தார். எங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர் அவர்தான்.

“அத்தான், புண்ணு கிண்ணுன்னு ஒண்ணும் செல்லப்பிடாது. எல்லா இடத்திலயும் உள்ளதச் செல்லித்தான வேண்டாம்னானுவ? அக்காளுக்குத் திருவிருந்துக்கு உடுக்குத வெள்ளச் சேலய உடுத்திக் கொண்டு போவோம். நல்ல குடும்பம்னு கண்டா எடுப்பாவ” என்றார்.

எங்கள் ஆட்களின் புத்தி இது. திருவிருந்து நாளில் வெள்ளை உடுத்தி ஆலயத்தில் உட்கார்ந்துவிட்டால், உள்ளே எது அழுகினாலும் வெளியே தெரியாது. நானும் தலையாட்டினேன். புண்ணின் மேல் துண்டை மடித்து வைத்தோம். முகத்துக்குப் பவுடர் போட்டோம். சாம்ராஜ் அரைப் பாட்டில் சென்ட்டைக் கவிழ்த்தார். சீழும் ரோஜாவும் கலந்த அந்த வாடையை என் எதிரிகூட முகரக் கூடாது. அதற்கு மேல் காரில் ஒரு ஜெபம் வேறு, எங்கள் பொய் பலிக்க வேண்டும் என்று.

இல்லத்தில் ஒரு நர்ஸ் வந்து விசாரித்தார். நேசத்தைச் சக்கர நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம். சாம்ராஜ் முந்திக்கொண்டார். “ஒரு கொறையும் இல்ல சிஸ்டர். கையப் பிடிச்சா நடப்பா. ஒடம்புல ஒரு கீறலு கெடையாது.”

“அப்ப இவங்களுக்கு இங்க எடம் இல்லியே” என்றார் நர்ஸ். “படுத்த படுக்கையா, புண்ணோட கெடக்கியவங்களுக்காக்கும் எங்க கட்டிலு. காலியா இருக்கது ஒண்ணே ஒண்ணு. அத இவங்களவிடக் கஷ்டப்படுதவங்களுக்குத்தான் குடுக்கணும்.”

சாம்ராஜின் முகம் செத்துப் போனது. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மச்சினனைப் பொய்யனாக்க வெட்கப்பட்டு வாய் மூடி நின்றேன். நர்ஸ் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது மனதுக்குள் ஜெபித்தேன்: “கர்த்தாவே, எனக்குக் குமட்டுகிறது. இந்த சென்ட் குமட்டுகிறது. இந்த மனுஷனைக் கண்டால் குமட்டுகிறது. நான் மரம் மாதிரி நிற்பது எல்லாவற்றையும்விடக் குமட்டுகிறது. இவள் செத்துப் போவாள். நீர் ஏதாவது செய்யும்.” ஆமென் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

நேசம் இடது கையால் நாற்காலியைத் தட்டினாள். நர்ஸ் திரும்பினார்.

“பொய்யி… மக்களே” என்று நர்ஸைப் பார்த்துச் சொன்னாள் நேசம். “எனக்க முதுவு… அழுவிப் போச்சு. பாரு.”

பக்கவாதம் வந்த பிறகு அவள் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் பேச்சு அது. நர்ஸ் அவளை முன்னால் சாய்த்து, துண்டை எடுத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. நிமிர்ந்து எங்களைத்தான் அருவருப்பாகப் பார்த்தார்.

“இத மறைக்கவா சென்ட் அடிச்சிய? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எலும்பு தெரிஞ்சிருக்கும். இவங்க இனி வீட்டுக்குப் போவ வேண்டாம். இங்கயே கெடக்கட்டு.”

அன்றைக்கே கட்டில் கிடைத்தது. சென்ட் வாடை போகக் கழுவி, புண்ணைச் சுத்தம் செய்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சாம்ராஜ் எழுந்து நின்று, காரில் தான் செய்த ஜெபத்தால் அக்காளுக்கு இடம் கிடைத்ததாகச் சாட்சி சொன்னார். சபையார் அல்லேலூயா சொன்னார்கள். அதனால்தான் நடந்ததை நானே எழுத வேண்டி வந்தது.

கர்த்தருடைய கிருபையால் புண் ஆறிவிட்டது. குழி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருக்கிறது. எனக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பஸ் ஏறிப் போய் நேசத்துக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். சூடு போதவில்லை என்று திட்டுகிறாள். அந்தத் திட்டுக்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இப்போது எங்கள் ஊரில் யாராவது படுத்துக் கிடந்தால் அந்த வீட்டுக்குப் போகிறேன். முதலில் முதுகைப் பார்க்கச் சொல்வேன். ஜெபம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிக் கிடக்கிறார்களா? அலங்கரித்த வார்த்தைகளோடு ஆண்டவரிடம் போகாதீர்கள். குமட்டினால் குமட்டுகிறது என்றே சொல்லுங்கள், அவர் முகம் சுளிக்க மாட்டார். நான் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். என் வாயை அல்ல, நேசத்தின் வாயை. நான் பேசியிருந்தால் அப்போதும் பொய்தான் சொல்லியிருப்பேன்.