பொட்டில்லாத அம்மன்

நான் கேகாலையில் ஒரு ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் எங்கள் கடைக்கு வந்த புதிதில் நடந்தது இது. ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் தேரில் ஒட்ட, மாரியம்மன் முகத்தைப் பெரிதாக வெட்டித் தருகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்!

கையில் இருந்ததோ ஒரு சின்னக் காலண்டர் படம். அதை ஸ்கேன் செய்து, மெஷின் வெட்டுவதற்கு ஏற்ற கோடுகளாக மாற்றினேன். தாளில் இருந்த அழுக்கெல்லாம் புள்ளி புள்ளியாக வந்து நின்றது. சின்னப் புள்ளிகளை நீக்கும் அளவைக் கடைசி வரை கூட்டினேன். அத்தனையும் மாயமாக மறைந்தன! கோடுகள் வழுவழுவென்று வந்தன. "ஹரி ஷோக்!" என்று முதலாளியே சிங்களத்தில் பாராட்டினார்.

மறுநாள் காலை தேரடியில் சுருளை விரித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பின்தாளை உரிக்கப் போன நேரத்தில் என் அண்ணி கத்தினார்.

"ஐயையோ, ஒட்டிறாத புள்ள! அம்மாளுக்குப் பொட்டு எங்க? மூக்குத்தியும் காணோமே!"

குனிந்து பார்த்தேன். அழுக்கோடு சேர்த்துப் பொட்டையும் துடைத்திருக்கிறேன்! பொட்டில்லாத அம்மனையா ஊர்வலம் விடுவது? அடுத்த பஸ்ஸில் கடைக்கு ஓடினேன். அந்த அளவைக் குறைத்து, அழுக்கை ஒவ்வொன்றாகக் கையால் அழித்து, பொட்டையும் மூக்குத்தியையும் தனி வட்டங்களாக வரைந்து மறுபடி வெட்டினேன். சாயங்காலம் தேர் கிளம்பியபோது அம்மன் நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது!

இப்போதெல்லாம் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துச் சின்னப் புள்ளிகளைச் சரிபார்த்த பிறகுதான் மெஷினை ஓடவிடுகிறேன். யாராவது யானைப் படம் கொண்டுவந்தாலும் என் கண் முதலில் போவது நெற்றிக்குத்தான்.