அண்ணி பிடித்துப் பார்த்த கெண்டைக்கால்

அண்ணி கறிக்கடையில் கத்தி பிடிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். தொடைக்கறியை எலும்பிலிருந்து கழற்ற அவருக்கு நாலு வெட்டு போதும். "பெரும்பாலும் சதை எலும்புல நேரா ஒட்டியிருக்காது தம்பி. முனையில வெள்ளை நாரா மாறி, அந்த நாருதான் எலும்பைப் பிடிச்சிருக்கும். அங்க வெட்டினா தானா கழண்டு வந்துரும்" என்பார். பெயிண்டருக்கு எதற்கு இந்தப் பாடம் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் ஒரு மாடிச்சுவர் வேலை. ஏணியில் தாவி ஏறக் காலை உந்தினேன். குதிகாலுக்கு மேலே 'டப்'பென்று ஓர் அடி. கூட்டாளிதான் உதைத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பினேன். அவன் பத்தடி தள்ளி ரோலர் கழுவிக்கொண்டிருந்தான்.

தெருமுனை கிளினிக்கில் சுளுக்கு என்று களிம்பு கொடுத்தார்கள். அண்ணனும் ஒத்து ஊதினார். எனக்கும் அதுதான் வசதி. ஏணி ஏறாத பெயிண்டரை யார் கூப்பிடுவார்கள்?

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அண்ணி வந்தார்.

"குப்புறப் படுங்க தம்பி. பாதம் கட்டிலுக்கு வெளியில தொங்கட்டும்."

நல்ல காலின் கெண்டைச்சதையை அழுத்தினார். பாதம் தானாக அசைந்தது. அடிபட்ட காலில் அழுத்தினார். பாதம் சும்மா கிடந்தது.

"சதை இழுத்தும் பாதம் அசையல. நடுவுல நாரு அறுந்திருக்கு."

"நீ எப்போ டாக்டரான?" என்று அண்ணன் சிரித்தார்.

"முழு ஆட்டையும் நான் கொக்கியில மாட்டுறதே பின்னங்கால்ல இருக்குற இந்த நாருலதான். எனக்குத் தெரியாதா? சிரிச்சது போதும், வண்டியைக் கூப்பிடுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரும் அதேபோலத்தான் அழுத்திப் பார்த்தார். "சுளுக்குன்னு விட்டிருந்தா ஏணியை மறந்திருக்க வேண்டியதுதான்" என்றார். அன்றே தைத்தார்கள். அண்ணி ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, முதல் வேலையாக அண்ணியின் கடைப் பலகைக்குப் பெயிண்ட் அடித்தேன். பாதத்தை முழுதாக ஊன்றி, பயந்து பயந்து நின்றேன். கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் அண்ணி.

"கலர் எப்படி அண்ணி?"

"கலர் கிடக்கட்டும். மேல் ஓரம் விட்டுப்போச்சு. எம்பி அடிங்க."

"எம்பணுமா?"

"நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல?"

அவர் கண் என் குதிகாலிலேயே இருந்தது. எம்பினேன். மேல் ஓரம் முழுக்க அடித்து முடித்துவிட்டுத்தான் குதிகாலைக் கீழே வைத்தேன்.