வக்கீல் ஐயா வாசித்த நாவல்

இன்று சாயங்காலம் தென்காசி வாசகசாலையில், படித்த புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் கூட்டம். பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண் என்று போனது நான் ஒருத்திதான்.

ஜவுளிக்கடை ராவுத்தர் ஒரு துப்பறியும் நாவலைப் புகழ்ந்தார். தபாலாபீஸ் அண்ணாச்சி யாத்திரைப் புத்தகம் ஒன்றைப் படித்ததால் இனி காசிக்கே போகவேண்டாம் என்றார்.

பிறகு வக்கீல் ஐயா எழுந்தார். கையில் ஒரு புது நாவல். விதவை ஒருத்தி மறுமணம் செய்துகொள்ளும் கதை.

"இதைப் படிச்சா நம்ம பொம்பளைக கெட்டுப்போவாக. இன்னைக்கே அலமாரியை விட்டு எடுத்திரணும்."

நாலைந்து தலைகள் ஆடின. போன வருஷம் புருஷனை இழந்த என் தங்கை ஆசைப்பட்டுக் கேட்ட புத்தகம் அது.

"கடைசியில அந்தப் பொண்ணு என்ன ஆகுறா, ஐயா?" என்று கேட்டேன்.

"என்ன ஆவா? சீரழிஞ்சுதான் போறா."

புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். அச்சாபீசில் மடித்துத் தைத்த தாள்களின் ஓரத்தை வாசிக்கிறவர்தான் கத்தியால் வெட்டிப் பிரிக்கவேண்டும்; இதில் முதல் அத்தியாயத்துக்கு அப்புறம் வெட்டப்படவே இல்லை. ராவுத்தரிடம் நீட்டினேன்.

"வெட்டாத பக்கத்தை எப்படி வாசிச்சிய ஐயா? துப்பறியுறதை உங்ககிட்டல்லா படிக்கணும்!" என்றார் அவர்.

கூட்டமே சிரித்தது. வக்கீல் ஐயா கோர்ட்டில் வேலை இருப்பதாகச் சொல்லி, சாரலில் குடைகூட விரிக்காமல் நடந்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை.

நாவலை யாரும் அலமாரியை விட்டு எடுக்கவில்லை. நான்தான் எடுத்து வந்தேன். தங்கை கத்தியும் கையுமாக வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

வாசிக்காமல் அபிப்பிராயம் சொல்ல நினைப்பவர்கள் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். பாதிப் பக்கங்கள் வெட்டியாயிற்று.