நானே விழுந்தேன் என்று சொன்ன வழக்கு

என் இடது கையை உடைத்தவன் என் சிநேகிதன். இதை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இனிமேல் சொன்னால் யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்? கண்டிச் சீமையின் இந்த ஹுன்னஸ்கிரிய மலையில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவன். ஊரிலிருந்து ஒன்றாகக் கடல் தாண்டி, காடு மலையெல்லாம் நடந்து வந்தோம். கூலிகளுக்குக் கட்டிய ஒரே லயத்தில், ஒரே காம்பரா அறையில், ஒரே சட்டியில் பொங்கித் தின்றோம். அவனுக்கும் வேறு யாரும் இல்லை.

அப்போது மலை முழுக்கக் கோப்பி. பழம் சிவந்து கிடந்த ஒரு காலையில், எனக்குப் பறிக்கக் கொடுத்த செடி நிரையில் அவன் புகுந்துவிட்டான். நல்ல காய்ப்புள்ள நிரை.

"ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றேன்.

"போடா, இவரு பெரிய துரை மகன்!" என்றான்.

தள்ளிக்கொண்டோம், கட்டிப் புரண்டோம். யார் கை முதலில் ஓங்கியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் கடைசியில் என்னைத் தூக்கிப் பாறைமேல் போட்டது அவன்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "ஐயோ, என்னடா செஞ்சுட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுததும் அவன்தான்.

எங்கள் ஆட்களுக்குள் இப்படி ஏதாவது நடந்தால் தீர்க்க ஒரு வழி உண்டு. சாயங்காலமே கங்காணி எங்கள் இருவரையும் மாரியம்மன் கல்லுக்கு முன்னால் நிறுத்திச் சூடம் கொளுத்தினார். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொன்ன வார்த்தையை மீறக் கூடாது. கோப்பி பறிக்க இரண்டு கையும் வேண்டும். ஒன்று கொப்பை வளைக்க, மற்றது பழத்தை உருவ. அதனால் என் கை கூடும்வரை என் பங்கையும் சேர்த்துப் பறிப்பதாகச் சொல்லி அவன் அணைத்தான். அவன்மேல் எங்கேயும் பிராது சொல்லமாட்டேன் என்று நான் அணைத்தேன்.

சொன்னபடியே தன் கூடையை நிரப்பிவிட்டு என் கூடைக்கும் பறித்தான். சோற்றைப் பிசைந்து உருட்டித் தந்தான். "கட்டுன பொண்டாட்டிகூட இப்படிப் பாக்கமாட்டா" என்று லயத்தில் கேலி பண்ணினார்கள். கை வலித்தாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

விஷயம் தோட்டத்துத் துரைக்கு எட்டியது. பறிப்புக் காலத்தில் ஒரு ஆள் முடங்கிப் போனானே என்று அவருக்கு ஆத்திரம். இனி எவனும் தோட்டத்தில் கை ஓங்கக் கூடாது என்று அவனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்து, கண்டிக் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். சாட்சி நான். கையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு கங்காணியோடு நடந்தேன். வழியில் திகனயில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் அவர் கோப்பித் தண்ணி வாங்கித் தந்தார். ஒற்றைக் கையால் வாங்கிக் குடித்தேன்.

"நடந்ததச் சொன்னா அவன மறியல்ல அடைச்சிருவாங்க. சவுக்கடியும் விழும். சூடத்த நெனச்சுக்க" என்றார் கங்காணி.

வெள்ளைக்கார நீதவான் இங்கிலீசில் கேட்டதைத் துபாசி தமிழில் கேட்டார். "உன் கையை முறித்தது யார்?"

கூண்டில் நின்றவனைப் பார்த்தேன்.

"யாருமில்லீங்க. நானே வழுக்கிப் பாறையில விழுந்துட்டேன்."

பொய் சொன்னால் உனக்குத்தான் தண்டனை என்று மிரட்டி மறுபடியும் கேட்டார்கள். "நானேதாங்க விழுந்தேன்" என்றேன். அவனை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் நடுத்தெருவில் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் அவன் என் கூடையைத் தொடவில்லை. களைப்பு என்று நினைத்தேன். அடுத்த நாளும் தொடவில்லை. "என்னடா?" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்தான். "துரை பாத்துக்கிட்டே இருக்காருடா. உனக்குப் பறிச்சுக் குடுத்தா குத்தம் என்னுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? திரும்பப் புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

"அப்ப சூடம் அணைச்சது?"

"நீதான் விழுந்தேன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டியே."

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். கங்காணியிடம் போனேன். "கோர்ட்டு தீத்தத நான் எப்படிப்பா மாத்துறது?" என்று கையை விரித்துவிட்டார். அடப் பாவிகளா, சூடத்தை நினைத்துக்கொள் என்று சொன்னதே அந்த ஆள்தானே! ஒற்றைக் கையால் பறித்துத் தினமும் அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான் வாங்கினேன். கொப்பு வளைக்க இடையிடையே நீட்டிய இடது கை கோணலாகவே கூடியது.

என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அவன் வேறு காம்பராவுக்குப் போய்விட்டான். ஒற்றை ஆளுக்குச் சோறு பொங்குவது எவ்வளவு பெரிய இழவு என்று பொங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு பிடி அரிசிக்காக அடுப்பு மூட்டப் பிடிக்காமல் எத்தனையோ நாள் சும்மா படுத்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைக் கண்டால் அவன் பாதி நிரம்பிய குடத்தோடு திரும்பிப் போவான். அப்போதெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல். அவனுக்கு இன்னும் உறுத்துகிறது, ஒரு நாள் என்னிடம் வருவான் என்று இருந்தேன்.

கோப்பி இலையில் நோய் விழத் தொடங்கிய வருஷம், லயத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், அங்கே நின்ற அவன் முந்திக்கொண்டான்.

"அத ஏன் கேக்குறீங்க! பாவம், பாறையில வழுக்கி விழுந்துட்டான். நான்தான் ஓடிப்போய்த் தூக்குனேன்."

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். பயம் இல்லை. வெட்கம் இல்லை. நிஜமாகவே எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு நின்றான். இனி இவன் வரமாட்டான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஆமாங்க, விழுந்துட்டேன்" என்றேன்.