முன்னறைக்கு ஒரு ஸ்தோத்திரம்

பழங்காநத்தத்தில் என் மாமனார் வீட்டில் ஆண்டவருக்குத் தெரியாமல் ஒரு மிக்ஸிகூட ஓடாது. எதை வாங்கினாலும் முதலில் அதன்மேல் கைவைத்து ஜெபம். வாஷிங் மெஷின், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஸ்தோத்திரத்தோடுதான் வேலையைத் தொடங்கின. காலையில் நான் பேங்குக்குக் கிளம்பும்போது மாமா என் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அவர் திறப்பதற்குள் பைபாஸ் ரோட்டில் நெரிசல் ஏறிவிடும். "வேலைக்குப் போறப்ப ஆண்டவரையும் கூட்டிட்டுப் போம்மா" என்பார். கூட்டிக்கொண்டுதான் போனேன். இரண்டு பேருமே லேட்.

மாமா மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே பிரேயர் அசெம்பிளி எங்கள் வீட்டு இரவு ஜெபம்தான். சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை, என் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் ஹாலில் பாய் விரித்து உட்கார வேண்டும். நேருக்கு நேர் அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். சொல்ல வேண்டியதை எல்லாம் ஜெபத்தில் வைத்துச் சொல்லிவிடுவார். "ஆண்டவரே, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற உமது பிள்ளைக்கு ஞாபகசக்தியைத் தாரும்" என்றால் அது நான். "மீன் குழம்பில் புளியை அளவாய்ச் சேர்க்கும் ஞானத்தைத் தாரும்" என்றால் அத்தை. யாரும் பதில் பேச முடியாது. ஜெபத்துக்குக் குறுக்கே பேசுகிற ஆள் எந்தச் சபையிலும் கிடையாது. கடைசியில் திட்டு வாங்கினவரே ஆமென் போட்டு அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், வில்லாபுரத்தில் தனியாக இருந்த என் அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரி சோறு கொடுத்தாள். தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லை. பேங்குக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நான் ஓடினேன். ஒருநாள் காலையில் போனால், எழுந்திருக்க முடியாமல் ஈரத்திலேயே கிடந்தாள். "நேரமாச்சுல்ல, நீ வேலைக்குப் போத்தா" என்றாள்.

எங்கள் வீட்டில் இடமில்லையா என்றால், இருந்தது. பாத்ரூமோடு சேர்ந்த முன்னறை. அதற்கு ஊழியர் அறை என்று பெயர். தேவ ஊழியர்கள் எந்த நேரமும் வந்து தங்கலாம் என்று மாமா அதில் கட்டிலும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையும் போட்டு வைத்திருந்தார். ஊழியர்கள் வந்தார்கள், டீ குடித்தார்கள், காரில் ஏறிப் போனார்கள். அறையில் ஏசி இல்லையே. நிரந்தரமாகத் தங்கி ஊழியம் செய்தது பல்லி மட்டும்தான்.

மாமாவிடம் கேட்டேன். "அதுக்கென்னம்மா, ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். சில நாள் பொறுத்து மறுபடி கேட்டேன். "ஆண்டவர் இன்னும் வெளிப்படுத்தலம்மா. காத்திருன்னுதான் சொல்றாரு" என்றார். பெரிய டிவி வாங்குவதற்கு ஒரே ராத்திரியில் வெளிப்படுத்தினவர்தான் எங்கள் வீட்டு ஆண்டவர். என் அம்மா என்றதும் அவருக்கு யோசனை வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் புலம்பினால், "அப்பா ஜெபிச்சுக்கிட்டுத்தான இருக்காரு, அவசரப்படாத" என்றார். பேங்கில் பக்கத்து சீட்டு அக்கா, நெற்றி நிறைய குங்குமத்தோடு என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு எங்க பக்கம் சொல்லுவோம். ஒங்க பக்கமும் அப்படித்தானா?"

அன்றைக்கு ராத்திரி மாமாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜெபத்தை நடத்தச் சொல்லி என்னைக் கைகாட்டினார். எங்களில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டது என்றே நம்பி, முன்கூட்டி நன்றி சொல்லிவிடுவது. மாமாவைப் பொறுத்தவரை அதுதான் உண்மையான விசுவாசம். நான் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டுக்குள் வாரும் என்று தினமும் உம்மைக் கூப்பிடுகிறோம். வருகிற வியாழக்கிழமை என் அம்மாவை முன்னறைக்குக் கூட்டிவரும் கிருபைக்காக ஸ்தோத்திரம். அதற்கு மனதாரச் சம்மதித்த மாமாவுக்காக ஸ்தோத்திரம். லீவு போட்டு ஆம்புலன்ஸில் கூடவே வரப்போகிற என் வீட்டுக்காரருக்காக ஸ்தோத்திரம். மெத்தை உறையைப் பிரிக்கப்போகிற அத்தைக்காக ஸ்தோத்திரம். ஜெபங்கேளும் பிதாவே."

முதல் ஆமென் அத்தையுடையது. புளிக்கும் சேர்த்துச் சொன்னதுபோல் அழுத்தமாக இருந்தது. பிறகு என் வீட்டுக்காரர். நான் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டு சீரியலில் யாரோ அழ ஆரம்பித்து, அழுதும் முடித்தார்கள். அப்புறம்தான் கட்டின தொண்டையிலிருந்து மாமாவின் ஆமென் வந்தது.

அம்மா வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். விதவைக்கு அறையைக் கொடு என்று ஆண்டவர் அவரோடு பேசினாராம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆனால் அறை கிடைத்ததே தவிர அம்மாவிடம் தெம்பு வரவில்லை. அத்தை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால், தாகமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். மூலையில் ஒரு சின்ன ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருக்கும். சம்பந்தி வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக் குறுகிப்போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சம்மதம் வாங்கினேன், மரியாதையை எப்படி வாங்குவது?

அந்த வாரம் ஒரு ராத்திரி வாக்கரைப் பிடித்து நடந்து வந்து எங்களோடு ஜெபத்தில் உட்கார்ந்தாள். மாமாவுக்குத் தொண்டை சரியாகியிருந்தது. நடுவில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "ஆண்டவரே, முன்னறையில் இருக்கிற உமது மகளுக்கு, மத்தியான நேரத்தில் ரேடியோவை மெதுவாக வைக்கும்படியான நல்ல மனதைத் தாரும்."

"என்னையாண்ணே சொல்றீக?" என்றாள் அம்மா.

ஜெபம் நின்றது. என் வீட்டுக்காரர் பதறிப்போய் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"இதுக்கு எதுக்குண்ணே அவரப் போட்டுத் தொந்தரவு பண்ணிக்கிட்டு. நான் இங்கனதான உக்காந்திருக்கேன். என்கிட்டச் சொன்னா கொறச்சு வச்சுட்டுப் போறேன்."

மாமா கண்ணைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில்கூட அவரை யாரும் இப்படி இடைமறித்திருக்க மாட்டார்கள்.

"மத்தியானம் கொஞ்ச நேரம் படுப்பேன்ம்மா. அதான்" என்றார்.

"நல்லாப் படுங்க. அப்படியே எனக்கும் ஒண்ணு வேணும்ணே. பாத்ரூம்ல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி அடிச்சுக் குடுங்க. மக வேலைக்குப் போயிட்டு வார வரைக்கும் அடக்கிக்கிட்டே கெடக்கேன். தண்ணி குடிக்கவே பயமாயிருக்கு."

எனக்கே அது தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. அத்தை என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன்.

மாமா ஜெபத்தைப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். முன்னறைக்குள் போய் பாத்ரூம் லைட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எம்புட்டு ஒசரத்துல வேணும்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.